புல் வெட்டும் வண்டி வாங்கிய கதை, கூடவே கொஞ்சம் சரித்திரம்



இரண்டு மாதமாக ஏன் எதுவும் எழுதவில்லை என்று பலர் விசாரித்திருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நானும் என் மனைவியும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், டேட்டன் நகரத்துக்கு வெளியே கொஞ்சம் கிராமப் பக்கம். இங்கே நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பதிவு நீளமானது. கடைசி பெஞ்சுக்காரர்கள் இப்போதே நழுவிக்கொள்ளலாம், நான் வருகைப் பதிவு எடுக்கப்போவதில்லை.

மகளும் மாப்பிள்ளையும் போன வருஷம் புது வீடு வாங்கினார்கள். வீட்டைச் சுற்றி ஒன்றரை ஏக்கர். நம் கணக்கில் 150 சென்ட். என் அப்பாவுக்கு இருந்த நஞ்சை மொத்தமே 80 சென்ட். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனம், இரண்டு போகம், ஏழு பேர் அதில் சாப்பிட்டோம். இங்கே 150 சென்டிலும் புல். வந்த அன்று சாயங்காலம் மாப்பிள்ளையிடம், “இவ்வளவு புல்லையும் எந்த மாட்டுக்குப் போடுறீங்க?” என்று கேட்டேன். “மாடு ஏது மாமா, வெட்டி அப்படியே விட்டுருவோம்” என்றார். நான் வேடிக்கைக்குக் கேட்டதாக நினைத்துக்கொண்டார். பாதிதான் வேடிக்கை.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு தடவை வெட்ட வேண்டும். மே மாதம் மழையும் வெயிலும் சேர்ந்தால் ஐந்து நாளுக்கு ஒரு தடவை. வெட்டாமல் விட்டால் அக்கம்பக்கத்தார் முகம் மாறும். பல ஊர்களில் புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் அபராதம் என்று விதியே உண்டு. போன வருஷம் ஆள் வைத்து வெட்டினார்கள். இந்த வருஷம் உட்கார்ந்து ஓட்டும் மோவர் வாங்கிவிடலாம் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார்.

தள்ளிக்கொண்டு நடக்கும் மோவர் ஏன் போதாது என்று கேட்பீர்கள். அதன் அகலம் 21 அங்குலம். 150 சென்ட் என்றால் 65,340 சதுர அடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு தடவை முழுக்க வெட்ட 11 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். கிட்டத்தட்ட அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் கோயில் வரை, ஒரு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு, வாராவாரம். ஆகவே வண்டி தேவைதான். அதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் கடைக்குப் போனோம். நம் ஊர் மோட்டார் சைக்கிள் ஷோரூம் மாதிரி வரிசையாக வண்டிகள். மாப்பிள்ளைக்கு ஒரு வண்டியின் மேல் கண். ஜீரோ டர்ன் என்று பெயர். ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல். நின்ற இடத்திலேயே பம்பரம் போலத் திரும்பும். வெட்டும் அகலம் 54 அங்குலம். ஒன்பது வயதுப் பேரன் ஓடிப்போய் அதன் இருக்கையில் ஏறி இரண்டு கோலையும் பிடித்துக்கொண்டான். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, “சனிக்கிழமை தோறும் அப்பா மடியில உக்காந்து நீயும் ஓட்டலாம்டா” என்றார்.

எனக்கு வயிற்றில் ஏதோ செய்தது. “மடியில எல்லாம் வச்சு ஓட்ட வேண்டாம் மாப்பிள்ளை” என்றேன். “மாமா, இது வயல் டிராக்டர் இல்ல, வீட்டு மெஷின். பக்கத்து வீட்டுத் தாத்தா கூடப் பேரனை வச்சு ஓட்டுறாரே” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அங்கே கடைக்காரர் முன்னால் பேச்சை வளர்க்க விரும்பாமல் வெளியே வந்துவிட்டேன். அன்று எதுவும் வாங்கவில்லை.

எனக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் அது எங்கிருந்து வந்தது என்று தேடுவேன். 34 வருஷம் சரித்திரம் நடத்திய பழக்கம். இங்குள்ள பொது நூலகம் மிக நல்ல நூலகம். மகள் அலுவலகம் போகும் வழியில் என்னை அங்கே இறக்கிவிட்டாள். மூன்று நாள் உட்கார்ந்தேன்.

முதலில் புல்வெளி. அது பெரிய மனிதர்களின் சமாச்சாரம். பிரான்சில் வெர்சாய் அரண்மனை, இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைகள். 18-ஆம் நூற்றாண்டில் ‘கேப்பபிலிட்டி’ பிரௌன் என்று பெயரெடுத்த தோட்டக்காரர் பிரபுக்களின் வாசல்வரை புல்லைக் கொண்டுவந்தார். அந்தப் புல்லைக் குட்டையாக வைத்திருக்க இரண்டே வழி. ஒன்று ஆடு. மற்றொன்று ஆள். நீளக் கைப்பிடி போட்ட பெரிய அரிவாளை நின்றபடி வீசி அறுப்பார்கள். பனி காய்வதற்குள் அறுக்க வேண்டும், ஈரப் புல்தான் அரிவாளுக்குப் பிடிகொடுக்கும் என்பதால் விடியற்காலையிலேயே வரிசையாக இறங்குவார்கள். இத்தனை கூலி கொடுக்க முடிந்தவனுக்குத்தான் புல்வெளி. சோறு போடாத நிலத்தை இவ்வளவு செலவு செய்து வைத்திருக்க என்னால் முடியும் என்று ஊருக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. என் அப்பாவின் 80 சென்டுக்கு நேர் எதிர்.

இதை மாற்றியவர் எட்வின் பியர்ட் பட்டிங். இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்ட்ரவுட் என்ற ஊர்ப்பக்கம் இருந்தவர். ஸ்ட்ரவுட் கம்பளித் துணிக்குப் பேர் போன ஊர். பிரிட்டிஷ் சிப்பாய் போட்ட சிவப்புக் கோட்டின் துணி அங்கே நெய்ததுதான். ஒன்பதாம் வகுப்பில் ‘செங்கோட்டுப் படை’ என்று நான் சொன்னது சிலருக்காவது நினைவிருக்கலாம். கம்பளி நெய்த பிறகு துணியின் மேல் பிசிறு பிசிறாக இழை எழும்பி நிற்கும். அதை ஒரே மட்டமாகக் கத்தரிக்க ஆலையில் ஒரு இயந்திரம் உண்டு. உருளை ஒன்றில் சுருளாகக் கத்திகள் பொருத்தியிருக்கும். அது சுழலும்போது கீழே அசையாமல் இருக்கும் தகட்டோடு உரசிக் கத்தரி மாதிரி வெட்டும். பட்டிங் அதைப் பார்த்தார். துணியின் பிசிறை வெட்டுவது புல்லை வெட்டாதா என்று யோசித்தார். 1830 ஆகஸ்ட் 31-ஆம் தேதி அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ராத்திரியில்தான் சோதித்துப் பார்த்தார் என்று ஒரு கதை அங்கே சொல்வார்கள்.

முதல் இயந்திரங்களில் ஒன்று லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க்கில் இருந்த விலங்கியல் பூங்காவுக்குப் போனது. 1832 முதல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தானும் செய்து விற்றது. முழுக்க இரும்பு, பயங்கர கனம். பின்னால் ஒருவர் தள்ள, முன்னால் ஒருவர் இழுக்க வேண்டும். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் படித்த கல்லூரி மைதானத்தில் 1972-லும் அப்படித்தான்: ஒருவர் தோளில் கயிறு போட்டு முன்னால் இழுப்பார், இன்னொருவர் பின்னால் தள்ளுவார். 140 வருஷத்தில் அந்தக் கயிறு கூட மாறவில்லை.

கனத்தை இழுக்க அடுத்தது குதிரை. 1840-களில் ஸ்காட்லாந்தில் ஆர்ப்ரோத் ஊரைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் மட்டக்குதிரை இழுக்கும் இயந்திரம் செய்தார். குதிரை நடந்தால் குளம்படி புல்லில் பதியுமே? அதற்காகக் குதிரைக்குத் தோல் செருப்பு தைத்து நான்கு காலிலும் மாட்டிவிட்டார்கள். சரித்திரத்தில் இந்த மாதிரி விஷயங்கள்தான் எனக்குப் பிடிக்கும். போர் நடந்த தேதியை மறந்துவிடலாம், புல்லுக்காகச் செருப்பு போட்ட குதிரையை மறக்க முடியாது.

பிறகு நீராவி. 1893-ல் லங்காஷயரில் ஜேம்ஸ் சம்னர் என்பவர் நீராவியால் ஓடும் புல்வெட்டிக்குக் காப்புரிமை எடுத்தார். கொதிகலனில் தண்ணீர் கொதித்து ஆவி வரும்வரை காத்திருக்க வேண்டும், எடையும் அதிகம். ஆகவே அது நிலைக்கவில்லை. ஆனால் சம்னர் இருந்த ஊரின் பெயரைக் கேளுங்கள்: லேலண்ட். அவரும் ஸ்பரியர் குடும்பத்தாரும் சேர்ந்து 1896-ல் தொடங்கிய நீராவி வண்டி நிறுவனம்தான் பின்னாளில் லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. அதோடு சென்னை அசோக் மோட்டார்ஸ் கை கோர்த்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் வைத்தார்கள். நீங்கள் தொங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தீர்களே, அந்தப் பஸ்ஸின் பூர்வீகத்தில் ஒரு புல்வெட்டி இருக்கிறது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது அவரே கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டார்.

1902-ல் ரான்சம்ஸ் பெட்ரோல் மோவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆள் உட்கார இருக்கை இருந்தது. வெட்டும் அகலம் 42 அங்குலம். இந்த எண்ணை மனதில் வையுங்கள், மறுபடி வருகிறேன்.

அமெரிக்காவில் கதை வேறு மாதிரிப் போனது. இங்கே பிரபுக்களும் இல்லை, அரிவாள் வீசக் குறைந்த கூலிக்கு ஆளும் கிடைக்கவில்லை. சொந்த வீட்டுக்காரனே வெட்ட வேண்டும் என்றால் இயந்திரம் இலேசாக இருக்க வேண்டும். 1870-ல் எல்வுட் மெக்குவைர் அப்படி ஒன்றைச் செய்தார். ஊர் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட். இந்த வீட்டிலிருந்து மேற்கே ஒரு மணி நேரம் போனால் அந்த ஊர். இண்டியானாபொலிஸ் கோயிலுக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனோம். வண்டியை நிறுத்தச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

நடுவில் ஒரு சின்னச் செய்தி. முதல் உலகப் போர் சமயத்தில் அமெரிக்க ஜனாதிபதி வுட்ரோ வில்சன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஆடுகளை விட்டார். புல் வெட்டும் ஆட்கள் போருக்குத் தேவைப்பட்டார்கள். ஆடு மேய்ந்தது, அதன் ரோமத்தை ஏலம் விட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50,000 டாலருக்கு மேல் சேர்த்தார்கள். அந்தப் புல்வெளி ஏதோ ஒரு பயனைக் கொடுத்தது அப்போதுதான் என்று என் மனைவி சொன்னாள். அவள் கருத்து அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் ஊர் திரும்பினார்கள். 1947-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்ற ஊரை அச்சில் வார்த்தது போல் கட்டினார்கள். 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் புல். வாரம் ஒரு தடவை வெட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். அதே ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்றும் எழுதியிருந்தது. இரண்டு விதியையும் ஒரே பேனா எழுதியது. இன்று என் மகள் வீட்டு வாசலில் அதே மாதிரிப் புல் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் புல்லை வெட்ட வந்ததுதான் இன்றைய மோவர். பட்டிங்கின் உருளைக் கத்தி போய், மின்விசிறி இறக்கை மாதிரித் தட்டையாகச் சுழலும் ஒற்றைப் பிளேடு வந்தது. கத்தரி மாதிரி அது வெட்டுவதில்லை. வேகத்தால் அடித்துச் சிதைக்கிறது. மலிவு, உயரமான புல்லையும் வெட்டும். மாப்பிள்ளை வாங்க நினைத்த வண்டிக்கு அடியில் அப்படி மூன்று பிளேடு. அந்த நுனியின் வேகம் நிமிடத்துக்கு 19,000 அடியைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள தர விதி. மணிக்குச் சுமார் 350 கிலோமீட்டர். தாண்டாமல் இருப்பதே இவ்வளவு வேகம்.

1950-களின் இறுதியில் நகரத்தை விட்டு ஏக்கர் கணக்கில் வீடு வாங்கிப் போகிறவர்கள் பெருகினார்கள். விவசாய டிராக்டர் செய்த கம்பெனிகள் அவர்களைக் கண்டுகொண்டன. 1961-ல் இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ‘கப் கேடட்’ என்று 7 குதிரைசக்தியில் குட்டி டிராக்டர் கொண்டுவந்தது. 1963-ல் ஜான் டியர் 110 என்ற வண்டியோடு வந்தது. அவை அசல் டிராக்டர் போலவே இருந்தன: அதே முகப்பு, அதே நிறம், ஸ்டீயரிங். வாங்கியவர்களில் பலர் விவசாயியின் பேரன்கள். தாத்தா உட்கார்ந்த இருக்கையில் தானும் உட்கார வேண்டும் என்ற ஆசையைத்தான் அந்த நிறம் விற்றது என்பது என் எண்ணம். 1969-ல் ஜான் டியர் வெள்ளை உடம்பில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று வண்ண வண்ணமாகவும் விட்டுப் பார்த்தது. எடுபடவில்லை, பச்சையைத்தான் கேட்டார்கள்.

ஜீரோ டர்ன் வந்தது 1960-களின் முற்பகுதியில். கான்சாஸ் மாநிலத்து ஜான் ரெஜியர் உருவாக்கியது. சூத்திரம் நமக்குத் தெரிந்ததே. மாட்டு வண்டியை இடது பக்கம் திருப்ப என்ன செய்வோம்? இடது மாட்டை நிறுத்தி வலது மாட்டைத் தட்டுவோம். இதிலும் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விசை. ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் ஓடினால் நின்ற இடத்தில் சுற்றும். முன் சக்கரம் இரண்டும் சும்மா, சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி போன பக்கம் திரும்பும்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முன் சக்கரம் சும்மா என்றால், திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரம் ஒன்றை நம்பித்தான். சரிவில் ஈரப் புல்லில் பின் சக்கரம் வழுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும். மகள் வீட்டுப் பின்புறம் நிலம் சரிந்து ஒரு குட்டையில் போய் முடிகிறது. மழைத் தண்ணீருக்கான குட்டை. கடையில் எத்தனை குதிரைசக்தி, எத்தனை அங்குலம், எத்தனை டாலர் என்றெல்லாம் பேசினோம். சரிவைப் பற்றிக் கடைக்காரரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இந்த வண்டிகளின் கையேடுகளில் 15 டிகிரிக்கு மேல் சரிவில் ஓட்டாதே என்று போட்டிருக்கும். அதை அளப்பது சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை உதவிக்கு வைத்துக்கொண்டேன். 10 அடி நீளக் கட்டை ஒன்றின் ஒரு முனையைச் சரிவின் மேல் பக்கம் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்து மட்டமாகப் பிடித்தோம். கீழ் முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அவன் டேப்பால் அளந்தான். 32 அங்குலம் வந்தால் 15 டிகிரி. எங்களுக்கு வந்தது 40. அதாவது 18 டிகிரிக்கு மேல். நான்கு இடத்தில் அளந்து நோட்டில் எழுதினான். இரண்டு இடத்தில் 15-ஐத் தாண்டியது.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் நோட்டைக் காட்டினேன். மாப்பிள்ளை பொறியாளர், எண்ணைக் கண்டால் மதிப்பார். “சரி மாமா, சரிவுல நான் பார்த்து மெதுவா ஓட்டுறேன். ஆனா மடியில வைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றார்.

உறவினர்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், இளையவர்களுக்குத் தெரியாது. என் பெரியப்பா மகன், என் அண்ணன், ஏன் ஒரு காலைச் சாய்த்து நடக்கிறார் என்று. ‘சின்ன வயசில் அடிபட்டது’ என்று மட்டுமே சொல்லி வளர்த்தோம்.

1964. எனக்கு 11 வயது, அண்ணனுக்கு 13. எங்கள் பக்கத்தில் ஒரு பண்ணையில் டிராக்டர் வந்திருந்தது. ஊரே பார்க்கப் போனது. ஓட்டுநர் எங்களுக்குத் தெரிந்தவர், நல்ல மனுஷர். “ஏறுங்கலே” என்றார். அண்ணன் ஒரு பக்க மட்கார்டில், நான் மறுபக்க மட்கார்டில். வரப்பு ஏறும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. அண்ணன் விழுந்தார். பின் சக்கரம் காலில் ஏறியது. யாரும் வேகமாக ஓட்டவில்லை, யாரும் குடித்திருக்கவில்லை, நல்ல பகல் வெளிச்சம். ஏற வேண்டும் என்று முதலில் கெஞ்சியது நான். அண்ணனுக்குப் பயம். “சின்னப் பையன் ஏறுறான், நீ ஏற மாட்டியா” என்று ஓட்டுநர் சிரித்ததால்தான் அவர் ஏறினார். 61 வருஷமாக அண்ணன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. பதிவிடும் முன் அவரிடம் போனில் அனுமதி வாங்கிவிட்டேன். “எழுதுலே, எழுதினா என்ன” என்றார்.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லி முடித்தபோது மகள்தான் முதலில் பேசினாள். “அப்பா, இத்தனை வருஷம் என்கிட்ட சொல்லவே இல்லையே” என்றாள். சொல்லியிருக்க வேண்டும்தான்.

பிறகு நூலகத்தில் குறித்துவைத்ததைச் சொன்னேன். இந்த வண்டிகளில் இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேடு ஓடும்போது ஓட்டுபவர் எழுந்தால் எல்லாம் நின்றுவிடும். ஆனால் மடியில் இருக்கிற குழந்தை நழுவி விழுந்தால் அப்பா இருக்கையில்தான் இருப்பார், சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது, பிளேடு நிற்காது. இன்னொன்றும் உண்டு: மடியில் ஏறிப் பழகிய குழந்தை, வண்டிச் சத்தம் கேட்டால் ஏற்றிக்கொள்வார்கள் என்று அதை நோக்கி ஓடி வரும். வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தள்ளும் மோவருக்கு 12 வயது, உட்கார்ந்து ஓட்டுவதற்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும், யாரையும் கூட ஏற்றக் கூடாது. மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார். பதில் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று எனக்கு இரவு முழுக்க உறுத்தல். மருமகன் வீட்டில் இருந்துகொண்டு மாமனார் எவ்வளவு பேசலாம் என்பதற்கு ஒரு அளவு இருக்கிறதே.

காலையில் அவரே டேப்போடு வந்தார். “மாமா, வேலிக் கேட் அகலம் அளந்தேன். 48 அங்குலம். 54 உள்ளேயே போகாது” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். குதிரைசக்தியெல்லாம் பார்த்தோம், கேட்டைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் இருக்கும் மாணவர்கள் சிலருக்காவது உதவும்.

கேட்டுக்குள் நுழைய வேண்டும், ஆகவே 42 அங்குலம். 1902-ல் ரான்சம்ஸ் வைத்த அதே அகலம். 54 அங்குல ஜீரோ டர்ன் மணிக்கு 6 மைலில் ஓடினால் எங்கள் இடம் 40 நிமிஷத்தில் முடியும். 42 அங்குல லான் டிராக்டர் 4 மைலில் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். வித்தியாசம் அரை மணி. ஆனால் மேடு பள்ளமான தரையில் 6 மைலில் ஓட்ட முடியாது, இடுப்பு போய்விடும். ஆகவே அந்த அரை மணியும் காகிதத்தில்தான். எங்கள் இடத்தில் மரங்கள் பதினொன்றுதான். முப்பது நாற்பது மரம், பூப்பாத்தி என்று சுற்றிச் சுற்றி வர வேண்டியிருந்து, தரையும் சமமாக இருந்தால், ஜீரோ டர்ன்தான் சரி. அது கெட்ட வண்டி இல்லை, எங்கள் நிலத்துக்கு ஒத்துவராது, அவ்வளவே. விலையிலும் லான் டிராக்டர் 2,000 டாலர் சொச்சத்தில் தொடங்குகிறது, மற்றது அதைவிட ஆயிரம் இரண்டாயிரம் கூடுதல். கியர் மாற்றத் தேவையில்லாத ஹைட்ரோஸ்டாட்டிக் வகையாகப் பார்த்து எடுத்தோம். பழுது பார்க்கும் ஆள் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டோம். பேட்டரியில் ஓடுவதும் இருக்கிறது, சத்தம் குறைவு. கலிபோர்னியாவில் 2024 முதல் தயாரிக்கப்படும் இந்த மாதிரிச் சின்ன எஞ்சின்களில் பெரும்பாலானவற்றை விற்கத் தடை. மாப்பிள்ளை யோசித்தார், விலை பார்த்துவிட்டு அடுத்த தடவை என்றார்.

சரிவு? எந்த வண்டியும் அங்கே போகாது என்று முடிவாயிற்று. சுமார் 20 சென்ட். குட்டையை ஒட்டிய அந்த இடத்தை அப்படியே வளரவிட்டாயிற்று. எல்லையில் ஒரு வரிசை கட்டைகள் நட்டு, இதுவரைதான் வண்டி என்று அடையாளம் வைத்தோம். பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து, அதை எப்போது வெட்டுவீர்கள் என்று விசாரித்தார். மாப்பிள்ளை பேரனின் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அந்தத் தாத்தா நோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். மடி விஷயத்தை மாப்பிள்ளை அவரிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

நூலகத்தில் படித்த ஒரு கணக்கு இதில் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் மிச்சமிருக்கிறது. 2005-ல் நாசாவின் ஆராய்ச்சியாளர் கிறிஸ்டினா மிலேசி செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு அமெரிக்காவின் புல்வெளிகளைக் கணக்கிட்டார். குறைத்துப் போட்டாலும் சுமார் 1,28,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000. கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர்வரை ஒரே புல்லாக நினைத்துப் பாருங்கள், அதை வாராவாரம் வெட்டுகிறார்கள். அதிலிருந்து 20 சென்ட் போன மாதம் கழிந்தது.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை முதல் தடவை முழுதாக ஓட்டினார். வெட்டுவதற்கு முன் பேரன் தரையில் கிடந்த குச்சி, கல், பந்து எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக நானும் அவனும் பார்த்தோம். கொஞ்சம் முகம் தூக்கி வைத்திருந்தான். “தாத்தா, எனக்கு எப்ப 16 ஆகும்?” என்று கேட்டான். கணக்குப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, வண்டி நிற்கும் ஷெட்டுக்குப் போய்ச் சுவரில் சாக்பீஸால் பெரிதாக 2032 என்று எழுதி வைத்திருக்கிறான். அவன் அப்பா அழிக்கவில்லை.